தோட்டில் இறங்கும் முன் மேட்டில் ஏறுங்கள்: குமரி மாவட்டத்து ஓடைகளைப் படிக்க ஒரு வழிகாட்டி

குலசேகரம் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு தோடு ஓடுகிறது. காதில் போடும் தோடு இல்லை. குமரியின் மேற்குப் பகுதியில் சிற்றோடையை அப்படித்தான் சொல்வோம். வரைபடத்தில் அதற்குப் பெயர்கூடக் கிடையாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனா ஒன்று வாங்கிய கையோடு, ஒரு நாள் காலையில் அதைத் தோட்டில் முக்கிப் பார்த்தேன். 48 என்று காட்டியது. குடிநீருக்கே 500 வரை ஏற்கலாம் என்று படித்திருந்தேன். ‘நம்ம தோடு சுத்தம்’ என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கடவில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மச்சி சிரித்தார்.

“மக்களே, இப்ப பாத்தா அப்பிடித்தான் இருக்கும். சாயங்காலம் வந்து பாரு. மேல ரப்பர் ஷீட் அடிச்சு டிஷ் கழுவி விடுற நேரம். மூக்கைப் பொத்திக்கிட்டு நிப்ப.”

சாயங்காலம் போனேன். தண்ணீர் நீர்மோர் போல வெளுத்திருந்தது, புளித்த நாற்றம். பேனா என்னவோ 70-ஐத் தாண்டவில்லை. ஆனால் புளிப்பைக் காட்டும் பி.எச். தாளை நனைத்தால் 5-க்கும் 6-க்கும் நடுவே ஒரு நிறம். 7-க்குக் கீழே போகப் போகப் புளிப்பு அதிகம். அந்த ஓடையைப் பற்றி எனக்குத் தெரியாத எல்லாமும் ஓடையில் இல்லை, மேலே விளையில், அதாவது மேட்டுத் தோட்டத்தில், இருந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கல்லூரி மாணவர்கள், பள்ளிச் சுற்றுச்சூழல் மன்ற ஆசிரியர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ‘நம்ம ஊர்த் தண்ணி என்ன ஆச்சு’ என்று கவலைப்படுகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ஆய்வகம் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும், நடக்கக் காலும், இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்குள் சில சாமான்களும் போதும்.

முதலில், சின்ன ஓடையாகப் பாருங்கள்

பழையாற்றிலோ குழித்துறையாற்றிலோ தொடங்காதீர்கள். பழையாறு மணக்குடியில் கடலைச் சேர்வதற்குள் மலை, வயல், நாகர்கோவில் நகரம், சுசீந்திரம் என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வருகிறது. அங்கே ஒரு வாளித் தண்ணீரை மொண்டு, இது யாருடைய அழுக்கு என்று கேட்டால் பதில் வராது. தலையிலிருந்து வால்வரை அரை நாளில் நடந்து முடிக்கக்கூடிய ஓடையாக இருக்கட்டும். நீர்ப்பிடிப்பு ஒன்றிரண்டு சதுர கிலோமீட்டர் இருந்தால் நல்லது. அதில் குறைந்தது இரண்டு வகை நிலமாவது வர வேண்டும். மேலே ரப்பர், கீழே வாழை என்பதுபோல. முழுக்க ஒரே நிலம் என்றால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

வனப் பகுதிக்குள் தலை இருக்கும் ஓடை என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக வேண்டாம். 2008-லிருந்து அதில் பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். அனுமதி ஒரு பக்கம். யானை இன்னொரு பக்கம். காட்டின் விளிம்பில் மாதிரி எடுத்தாலே போதும்.

எல்லையை வரையுங்கள்

எந்த நிலத்தில் பெய்யும் மழை உங்கள் ஓடைக்கு வருகிறதோ அதுதான் அதன் நீர்ப்பிடிப்பு. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது இஸ்ரோவின் புவன் தளத்தில் படத்தைத் திறந்துகொள்ளுங்கள். உயரக் கோடுகள் ஓடையைக் கடக்கும் இடத்தில் மேட்டுப் பக்கமாகக் கூர்ந்து மடங்கும். மேட்டின் முதுகைக் கடக்கும் இடத்தில் பள்ளத்துப் பக்கமாக மடங்கும். நீங்கள் மாதிரி எடுக்கப்போகும் இடத்திலிருந்து தொடங்கி, முதுகு முதுகாகக் கோடு இழுத்து மறுபக்கம் வந்து சேருங்கள்.

கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. இங்கே பல சாலைகள் மேட்டு முதுகின் மேலேயே போகும். சாலையோரம் வீடும் கடையும், சரிவில் ரப்பரோ தென்னையோ, அடியில் ஏலா எனும் பள்ளத்து வயல். அந்த ஏலாவின் நடுவில் தோடு. நல்ல மழையில் குடை பிடித்துக்கொண்டு சாலையில் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள். வரைபடத்தில் சந்தேகமாக விட்ட இடமெல்லாம் பத்து நிமிடத்தில் தெளியும்.

ஆனால் குமரியில் மேட்டுக்கோடு மட்டும் போதாது. மற்ற ஊர்க்காரர்களுக்காக எழுதிய எந்த வழிகாட்டியிலும் இது இருக்காது என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நின்று பாருங்கள். 1966-இல் கட்டியது. கீழே பறளியாறு ஓடுகிறது. அது அந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீர். உங்கள் பக்கத்திலேயே தொட்டியில் ஓடுவது பட்டணங்கால்வாய். அது வேறு மலையின் தண்ணீர். ஆற்றுக்கு மேலேயே ஆறு. இதுபோலவே பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் சானல்கள் எனும் பாசனக் கால்வாய்கள் வழியாகப் பள்ளத்தாக்கு விட்டுப் பள்ளத்தாக்கு தாவுகிறது. பறளியாற்றுத் தண்ணீர் புத்தன் அணையிலிருந்து பாண்டியன் கால் வழியாகப் பழையாற்றுக்குப் போகிறது. சானலிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து குளத்துக்கும், குளம் நிரம்பினால் மறுகால் வழியாகத் தோட்டுக்கும் வந்து விழுகிறது. ஆகவே உங்கள் எல்லைக்கோட்டை எந்தச் சானல் வெட்டிப் போகிறது, எங்கே மடை இருக்கிறது, எந்தக் குளத்தின் மறுகால் வந்து சேர்கிறது என்பதை வேறு நிற மையில் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் அணை திறந்து பிப்ரவரி கடைசியில் மூடுவார்கள். மார்ச் முதல் மே வரைதான் பல ஓடைகளில் சொந்தத் தண்ணீர் மட்டும் ஓடும். ஓடையின் உண்மையான முகம் பார்க்க அதுவே நல்ல காலம்.

நிலத்தை நடந்து எழுதுங்கள்

கட்டம் போட்ட தாளை வரைபடத்தின் மேல் வைத்து, காடு எத்தனை கட்டம், ரப்பர் எத்தனை, வீடு எத்தனை என்று எண்ணினால் சதவீதம் வந்துவிடும். அதைச் செய்யுங்கள். ஆனால் அதை ரொம்பவும் நம்பிவிடாதீர்கள். மொத்தத்தில் பாதி காடாக இருந்தாலும், கரையை ஒட்டிய இருபதடி நிலம் வெறும் செம்மண்ணாகக் கிடந்தால் ஓடை செம்மண்ணாகத்தான் ஓடும். என் அனுபவத்தில் சதவீதத்தைவிடக் கரைதான் அதிகம் பேசுகிறது. எனவே நடக்கும்போது ஒவ்வொரு ஐம்பது அடிக்கும் இரு கரையிலும் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்: தாழை, மூங்கில், புல், வாழை, வெறும் மண், பக்கச்சுவர், குழாய்.

காட்டு நிலத்தில் மழைத்துளி இலையில் பட்டு, சருகில் விழுந்து, மண்ணுக்குள் இறங்கித்தான் ஓடைக்கு வரும். அதனால் மழை நின்று பல நாள் கழித்தும் ஓடை ஓடும், கலங்காது, நிழலால் குளிர்ந்திருக்கும். இதையே உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பரைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. ‘அதுவும் மரம்தானே, காடு மாதிரிதான்’ என்பார்கள் சிலர். ‘தண்ணியெல்லாம் ரப்பர்தான் குடிச்சுது’ என்பார்கள் மற்றவர்கள். தண்ணீரின் தரத்தை வைத்துப் பார்த்தால் இரண்டுமே பாதிதான். வளர்ந்த ரப்பர் விளையில், தரையில் சருகும் செடியும் விட்டு வைத்திருந்தால் ஓடை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். கேடு இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, பழைய மரத்தை வெட்டி மறுநடவு செய்யும் காலம். இயந்திரம் வைத்துச் சரிவைக் கீறி, மண் திறந்து கிடக்கும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள். அந்த இடைவெளியில் கைதச்சக்கையோ (அன்னாசி) வாழையோ ஊடுபயிராகப் போடுவார்கள். சரிவுக்குக் குறுக்கே வரிசை போட்டால் மண் நிற்கும். மேலிருந்து கீழாகப் போட்டால் ஒவ்வொரு வரிசையும் ஒரு வாய்க்கால். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது மலையோரம் நெடுக ரப்பர் முறிந்து விழுந்தது. மறுநடவு ஆண்டுக்கு ஒரு மூலையில் நடக்காமல் எல்லா இடத்திலும் ஒன்றாக நடந்தால் ஓடைக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அம்மச்சி சொன்ன டிஷ் கழுவல். டிஷ் என்பது ரப்பர் பால் ஊற்றும் தட்டு. பாலை உறைய வைக்க அதில் ஃபார்மிக் ஆசிட் ஊற்றுவார்கள். உறைந்தபின் மிஞ்சும் நீரும், ரோலரில் பிழிந்த நீரும், கழுவிய நீரும் வெளியே வரும். அது புளித்த நீர். அதில் புரதமும் சர்க்கரையும் கரைந்திருப்பதால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகி, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். ஷீட் அடிக்கும் ஒரு வீட்டுப் புரையிலிருந்து (கொட்டகை) வருவது சில குடங்கள்தான். ஆனால் கோடையில் தோட்டில் ஓடுவதே கொஞ்சம்தான். அடுத்தடுத்துப் பத்து வீடு ஒரே நேரத்தில் கழுவினால் தோடு தாங்காது.

வாழைக்கு உரம் அதிகம். மூட்டில் வைத்த யூரியா அடுத்த நாள் பெருமழை பெய்தால் கணிசமாகத் தோட்டுக்குத்தான் போகும். ஏலாவில் நெல் இருந்த இடத்தில் மண் கோரி வாழை வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். வயலில் தண்ணீர் தேங்கி நின்றால், உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டின் ஒரு பகுதி சேற்றிலேயே வாயுவாக மாறிப் போய்விடும். வண்டலும் அங்கேயே படியும். வாழை வரப்பு வெட்டி வடிகால் எடுத்ததும் அந்த வடிகட்டி போய்விடுகிறது. வயலும் எப்போதும் நல்ல பிள்ளை இல்லை. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் தொளி அடிக்கும் (சேற்றுழவு செய்யும்) வாரங்களில் வயலிலிருந்து வடியும் நீர் சேறாகத்தான் இருக்கும். அந்த வாரம் மாதிரி எடுத்தால் நோட்டில் ‘தொளி’ என்று எழுத மறக்காதீர்கள்.

வீடுகள். 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். கிழக்கு மாவட்டங்களைப்போல ஊர் ஓரிடம், காடு ஓரிடம் என்று பிரிந்து இல்லை. ஒவ்வொரு விளையிலும் ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிணறு, ஒரு கக்கூஸ் குழி. ஆகவே சாக்கடை என்று ஒரு குழாயைக் காட்டிவிட முடியாது. குளியலறைத் தண்ணீர் சரிவில் விட்ட இடம், அடி பூசாத குழி ஓடைக்கு எவ்வளவு பக்கம், கோழிப்பண்ணை, பன்றிக்கொட்டகை, இறைச்சிக்கடைக் கழிவு என்று சின்னச் சின்னதாக எண்ண வேண்டும். இதை எழுதும்போது வீட்டுக்காரர் பெயரை எழுதாதீர்கள். இடத்தை மட்டும் குறியுங்கள். ஊரில் நாளைக்கும் நீங்கள் நடக்க வேண்டும்.

கல்குவாரி இருந்தால் அதிலிருந்து வரும் நீர் கலங்கல் சாம்பல் நிறமாக இருக்கும், சீக்கிரம் தெளியாது. விளை மண் கரைந்தது என்றால் சிவப்பு. பாத்திரத்தில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடியில் படியத் தொடங்கும். கறுப்பும் முட்டை அழுகிய நாற்றமும் என்றால் ஆக்சிஜன் தீர்ந்த நீர்: வீட்டுக் கழிவோ, காயல் பக்கம் என்றால் கயிற்றுக்காகக் கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப்போட்ட இடமோ. நிறத்தை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். ஆனால் எந்தப் பக்கம் நடந்து தேட வேண்டும் என்று நிறம் சொல்லும்.

இரண்டு இடம், பல நேரம்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, ஓர் இடத்தில் ஒரு நாள் ஒரு எண்ணை எடுத்துவிட்டு அதைச் சட்டத்தோடு ஒப்பிடுவது. எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. சந்தேகப்படும் நிலத்துக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று ஜோடியாக எடுங்கள். டி.டி.எஸ். மேலே 40, கீழே 45 என்றால் அந்த நிலம் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மேலே 40, கீழே 160 என்றால் நடுவில் நடந்து பாருங்கள். கிளை ஓடை சேரும் இடத்தில், சேர்வதற்கு முன் இரண்டையும் தனித்தனியாக எடுங்கள். பாலத்துக்கும் மடைக்கும் நேர் கீழே எடுக்க வேண்டாம். நன்றாகக் கலந்து ஓடும் இடமாக, நடு ஓட்டத்தில், தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, உங்கள் கால் கலக்கிய நீர் குப்பிக்குள் வராதபடி எடுங்கள்.

நேரம் என்றால் மூன்று விதம். ஒன்று, ஒரே நாளில் காலை, மதியம், சாயங்காலம். இரண்டாவது, மாதத்துக்கு ஒரு நாள், ஒரே மணியில். மூன்றாவதுதான் முக்கியம்: மழை. மாசிப் பங்குனி முழுக்க வெயில் காய்ந்து, சித்திரையில் முதல் கோடை மழை கொட்டும்போது, நிலத்தில் அத்தனை நாள் சேர்ந்த எல்லாம் ஒரே மணி நேரத்தில் ஓடைக்கு வரும். அந்த ஒரு மணி நேரத்தில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு குப்பி எடுத்தால், தெளிந்த நாளில் மாதக்கணக்கில் எடுத்ததைவிட அதிகம் தெரியும். குமரிக்கு இரண்டு மழைக்காலம் இருப்பது இதில் நமக்குக் கிடைத்த வசதி. ஜூனில் இடவப்பாதி, அப்புறம் ஐப்பசி கார்த்திகை. ஆண்டுக்கு இரண்டு முறை இந்தப் பரீட்சையை எழுதலாம்.

வசதி என்று சொன்னேன், ஆபத்தும் அதிலேதான். மேலே மலையில் பெய்தது கீழே தெரியாது. திடீரென்று பெருக்கு வரும். அணை திறப்பதாக அறிவிப்பு வந்தால் ஆற்றுப் பக்கமே போகாதீர்கள். மழையில் கரையில் நின்று கயிற்றில் கட்டிய வாளியால் மொண்டால் போதும். காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் இங்கே சாதாரணமாக வருகிற நோய்.

எதை அளப்பது

வெப்பம், பி.எச்., டி.டி.எஸ்., தெளிவு, ஆக்சிஜன், நைட்ரேட். இந்த வரிசையில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெப்பத்தை அலட்சியம் செய்யாதீர்கள், வெறும் வெப்பமானி போதும். 20 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் 7.5-தான். கரையில் மரத்தை வெட்டினால் மீனுக்கு மூச்சு முட்டுவது இந்தக் கணக்கில்தான்.

தெளிவுக்குக் கருவி வாங்க வேண்டாம். ஒரு மீட்டர் நீளம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், அடியை அடைத்து அதில் கறுப்பு வெள்ளை வட்டு. தண்ணீரை ஊற்றி மேலிருந்து பாருங்கள். வட்டு மறையும் உயரத்தை எழுதுங்கள். வெயிலை முதுகில் வைத்துக்கொண்டு, உங்கள் நிழலில் பார்க்க வேண்டும்.

டி.டி.எஸ். பேனா மலிவு, எல்லோரும் வாங்குவார்கள், எல்லோரும் ஏமாறுவார்கள். அது மின்சாரம் கடத்துவதை வைத்துக் கரைந்த உப்பைக் கணிக்கிறது. கிருமி அதற்குத் தெரியாது, பூச்சிமருந்து தெரியாது, சேறு தெரியாது. ‘டி.டி.எஸ். 50, அதனால் குடிக்கலாம்’ என்பது தவறு. ஆனால் மேலும் கீழும் ஒப்பிடுவதற்கு அதைவிட வசதியான கருவி இல்லை. நம் மலைப் பாறையில் எளிதில் கரையும் உப்பு குறைவு என்பதால், காட்டிலிருந்து இறங்கும் ஓடையில் சில பத்துகள்தான் காட்டும். அது நூற்றைம்பது ஆனால், குடிநீர் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். வீட்டுத் தண்ணீரோ உரமோ சேர்ந்திருக்கிறது.

கடலோரத்தில் இதிலேயே ஒரு பொறி இருக்கிறது. நண்பர்களோடு மணக்குடிப் பக்கம் போனபோது பேனா எங்கோ உச்சிக்குப் போனது. மேலே எந்த ஆலையிலிருந்து விடுகிறார்கள் என்று மதியம்வரை அலைந்தோம். வலை உலர்த்திக்கொண்டிருந்த அண்ணன்தான், “இப்ப ஏத்தம்லா, கடல் தண்ணி கேறிக் கிடக்கு” என்றார். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கொஞ்சம் கலந்தாலே கணக்கு கெட்டுவிடும். தேங்காய்ப்பட்டணம், கடியப்பட்டணம், மணக்குடி போன்ற, ஆறுகள் கடலைச் சேரும் இடங்களில் ஏற்றவற்றம் பார்க்காமல் மாதிரி எடுக்காதீர்கள்.

ஆக்சிஜன், நைட்ரேட் இரண்டுக்கும் மீன்வளர்ப்புக் கடைகளில் துளி மருந்துப் பெட்டி கிடைக்கும். ஆக்சிஜனை ஓடைக்கரையிலேயே பார்க்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போனால் வேறு எண் வரும். ஆகாயத்தாமரை மூடிய குளத்திலிருந்து வரும் நீரில் விடியற்காலையில் பாருங்கள், அப்போதுதான் மிகக் குறைவாக இருக்கும். நைட்ரேட்டில் பெட்டியின் அளவைக் கவனியுங்கள். சில பெட்டிகள் நைட்ரேட்டாகவே காட்டும், சில அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் காட்டும். குடிநீர் வரம்பு நைட்ரேட்டாக 45 மில்லிகிராம். அதுவே நைட்ரஜனாகச் சொன்னால் சுமார் 10.

கிருமிக்கு, கறுப்பாக மாறும் குப்பி ஒன்று விற்கிறார்கள். கிணற்றுக்கும் குழாய்க்கும் அது நல்லது. திறந்த ஓடையில் எங்கே எடுத்தாலும் கறுக்கத்தான் செய்யும். பறவையும் மாடும் போதும். ஆகவே கறுத்ததா இல்லையா என்று பார்ப்பதில் பயனில்லை. எண்ணிக்கைதான் வேண்டும் என்றால், சுத்திகரித்த குப்பியில் எடுத்து, ஐஸில் வைத்து, அன்றைக்கே குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கோ கல்லூரி ஆய்வகத்துக்கோ கொடுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் குளிக்கத் தகுந்த நீருக்கு, 100 மில்லிலிட்டரில் கோலிஃபார்ம் என்ற கிருமிகள் மொத்தம் 500-க்குள், ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல், கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் செலவழிக்கும் ஆக்சிஜனான பி.ஓ.டி. 3-க்கு மேல் போகாமல் இருக்க வேண்டும்.

கல்லைப் புரட்டுங்கள்

எண்கள் அந்த நேரத்துத் தண்ணீரைச் சொல்லும். கல்லுக்கு அடியில் இருக்கும் பூச்சிகள் பல மாதத்துத் தண்ணீரைச் சொல்லும், ஏனென்றால் அவை அங்கேயே வளர்ந்தவை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கழுவி விட்டதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்; அவை பார்த்திருக்கும்.

வேகமாக ஓடும் இடத்தில், கையளவுக் கல் பத்தைப் புரட்டி, வெள்ளைத் தட்டில் கழுவுங்கள். தட்டையாக, பின்னால் மூன்று இழை வாலோடு, வயிற்றின் பக்கவாட்டில் செவுள் ஆடிக்கொண்டிருந்தால் அது மேஃபிளையின் இளவுயிரி. இரண்டு வால் என்றால் பெரும்பாலும் ஸ்டோன்ஃபிளை. மணலையும் சருகையும் ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் இருப்பது கேடிஸ்ஃபிளை. இந்த மூன்றும் இருந்தால் ஓடை நன்றாக இருக்கிறது. சிவப்பு நூல்போல நெளியும் புழு மட்டுமே இருந்தால் அங்கே ஆக்சிஜன் குறைவு. அதன் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின்தான் அந்தச் சிவப்பு, அதனால்தான் மூச்சு முட்டும் இடத்திலும் பிழைக்கிறது. கல்லே சேற்றில் புதைந்து, புரட்ட வராமல் இருந்தால் அதையும் எழுதுங்கள். மேலே மண் அரிக்கிறது. பார்த்து முடித்ததும் பூச்சியையும் கல்லையும் எடுத்த இடத்திலேயே வையுங்கள்.

குழந்தைகளை அழைத்துப் போனால் இதை முதலில் செய்யுங்கள். பி.எச். தாளை யாரும் வீட்டில் போய்ப் பேசுவதில்லை, மூன்று வால் பூச்சியைப் பேசுகிறார்கள்.

ஓட்டத்தையும் எழுதுங்கள்

பத்து மீட்டர் நேரான இடத்தை அளந்து, ஓர் எலுமிச்சம்பழத்தைப் போட்டு, கடக்க எத்தனை நொடி என்று பாருங்கள். 25 நொடி என்றால் வேகம் நொடிக்கு 0.4 மீட்டர். அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 0.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கி, மேற்பரப்பு அடிப்பரப்பைவிட வேகமாக ஓடும் என்பதற்காக 0.85-ஆல் பெருக்கினால் நொடிக்குச் சுமார் 200 லிட்டர். லிட்டருக்கு 5 மில்லிகிராம் நைட்ரேட் என்பது ஒன்றுமில்லாத எண்ணாகத் தெரியும். ஆனால் இந்த ஓட்டத்தில் அது நாளொன்றுக்கு 86 கிலோ. கீழே உள்ள குளத்துக்குப் போய்ச் சேர்வது இந்த 86 கிலோதான். குளத்தில் ஆகாயத்தாமரை ஏன் இப்படித் தழைக்கிறது என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

யாரிடம் கொண்டுபோவது

ஒரு வருடக் கணக்கு கையில் இல்லாமல் மனு எழுத வேண்டாம். இருக்கும்போது, ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நல்ல இடம். நீர்வளத்துறையிலிருந்தும் வேளாண்மைத் துறையிலிருந்தும் ஆட்கள் இருப்பார்கள். ஆலை, குவாரி போன்றவற்றுக்கு 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்கீழ் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொறுப்பு. தேதி, மணி, மேலே-கீழே ஜோடி எண்கள், படம் ஆகியவை இருந்தால் போதும், ஆவேசம் வேண்டாம். ஒரு முறை நான் ஓர் அலுவலகத்தில் ஆவேசமாகப் பேசி, தூர்வாரித் தருகிறோம் என்ற பதிலை வாங்கி வந்தேன். வந்த இயந்திரம் தூரோடு கரையிலிருந்த தாழையையும் வழித்துக்கொண்டு போனது. அடுத்த மழையில் கலங்கல் முன்னைவிட அதிகம். பக்கச்சுவர் கட்டித் தருகிறோம் என்றாலும் யோசித்துச் சரி சொல்லுங்கள். தாழை, மூங்கில், புங்கம், நீர்மருது வளர்ந்த பத்தடிக் கரை தடுக்கும் மண்ணையும் உரத்தையும் சிமென்ட் சுவர் தடுக்காது.

சின்ன விவகாரத்துக்கு மனுவே வேண்டாம். எங்கள் தோட்டுக்கு மேலே ஷீட் அடிக்கும் வீட்டுக்குப் போனேன். பி.எச். தாள்களைத் தேதி வாரியாக நோட்டில் ஒட்டி வைத்திருந்ததைக் காட்டினேன். அந்த வீட்டு மாமா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “நம்ம கிணறும் கீழதானே இருக்கு” என்றார். அந்த வாரமே புரைக்குப் பக்கத்தில் இரண்டு குழி வெட்டினார். முதல் குழியில் கழுவிய நீர் நிற்கும், சுண்ணாம்பு போடுவார். அது தெளிந்து அடுத்ததுக்குப் போய், அங்கிருந்து தென்னைக்கு. சாண எரிவாயுக் கலம் இருக்கிற வீடுகளில் இந்த நீரை அதிலேயே விடலாம், வாயுவும் கிடைக்கும். அவரிடம் கலம் இல்லை.

அதற்குப் பிறகு சாயங்காலம் எடுத்த தாள்கள் 6.5 பக்கம் வந்திருக்கின்றன. ஆனால் மேலே இன்னும் ஏழு வீடு இருக்கிறது, ஐப்பசி மழையும் வரவில்லை. நோட்டின் அடுத்த பக்கத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.